கட்டும் கட்டுடலும்

தமிழில் 'கட்டு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. பிணித்தலும் கட்டுதான், பிணி தீரப் புண்ணுக்கு இடுவதும் கட்டுதான். வீடு எழுப்புவதையும் கட்டுதல் என்கிறோம். விறகைச் சேர்த்துப் பிணைப்பதையும் கட்டுதல் என்கிறோம். ஒழுங்கைக் குறிக்கும் கட்டுப்பாடும், உரமேறிய உடலைக் குறிக்கும் கட்டுடலும் அதே சொல்லை முன்னே தாங்கி நிற்பவை. தடுப்பதும் வளர்ப்பதும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன என்று வகுப்பறையில் சொல்லாராய்ச்சி நிகழ்த்தும்போதெல்லாம் நான் வியந்ததுண்டு. அந்த வியப்பு என்னை உடலியல் நூல்களிடம் கொண்டு சேர்க்கும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

நலிந்த தசைகள் உரம் பெறவும், கடும் உடற்பயிற்சியால் களைத்த தசைகள் விரைந்து மீளவும், கை கால்களுக்குரிய குருதியோட்டத்தைச் சிறிது நேரம் அளவோடு கட்டுப்படுத்தும் முறை ஒன்று மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வருகிறது. அதனைக் குறித்துப் படித்தறிந்தவற்றையும், படித்தபோது என்னுள் எழுந்த எண்ணங்களையும் இம்மலர் வழியாக மாணவச் செல்வங்களோடும் சான்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒரு மாணவரின் வினா

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவனுக்குத் தசையோடும் குருதியோடும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவை உண்டாக்கியவர் என் மாணவர் ஒருவர். ஓட்டப் பந்தய வீரர். தோல் மண்டியில் சுமை தூக்கும் தந்தைக்கு மூத்த மகன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் தம்பி தங்கையரைக் கரையேற்றிவிடலாம் என்பது அவருடைய கனவு. ஒருநாள் மாலை மைதானத்தின் ஓரமாக நான் நடந்து சென்றபோது, அவர் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தார். இரு தொடைகளிலும் மிதிவண்டி டியூபை இறுகச் சுற்றியிருந்தார். பாதங்கள் வெளிறிக் கிடந்தன.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"ஐயா, கடுமையாக ஓடிய பிறகு இப்படிக் கட்டி அவிழ்த்தால் களைப்பு சீக்கிரம் போய்விடுமாம். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. ஒலிம்பிக் வீரர்கள்கூடச் செய்கிறார்கள்" என்றார்.

முதலில் அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தார். பிறகு, "ஏன் கூடாது என்று சொல்லுங்கள் ஐயா" என்று பணிவோடுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு 'கூடாது என்றால் கூடாது' என்பது விடையாகாது. வறுமையிலிருந்து விடுபட ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞருக்குத் தடை மட்டும் போதாது, காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடியே நான் இத்துறைக்குள் நுழைந்தேன்.

ஜப்பானில் தோன்றிய முறை

மாணவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இம்முறையின் முன்னோடி யோஷியாகி சாட்டோ என்னும் ஜப்பானியர். 1966ஆம் ஆண்டில், தமது 18ஆம் வயதில், ஒரு பௌத்த நினைவுச் சடங்கில் மண்டியிட்டுக் குதிகால்மேல் அமரும் அந்நாட்டு மரபுப்படி நெடுநேரம் அமர்ந்திருந்தார். கால்கள் மரத்துப்போயின. கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டபோது, பளுவைத் தூக்கிப் பயிற்சி செய்தபின் தோன்றும் அதே விறைப்பும் வீக்கமும் அங்கே இருப்பதை உணர்ந்தார். எடை தூக்காமலே இவ்வுணர்வு எப்படி வந்தது என்று எண்ணினார். குருதியோட்டம் தடைப்பட்டதே காரணமாகலாம் என்று கருதி, மிதிவண்டி டியூப், கயிறு, ஜூடோ கச்சை எனக் கிடைத்தவற்றையெல்லாம் கொண்டு தம் உடலிலேயே பல ஆண்டுகள் சோதனை செய்தார். 1973ஆம் ஆண்டில் பனிச்சறுக்கு விபத்தில் கால் முறிந்தபோது, கட்டுப்போட்ட காலிலும் இம்முறையைக் கையாண்டு, தசை மெலியாமல் மீண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 'காட்சு' என்பது இம்முறைக்கு அவர் இட்ட பெயர். ஜப்பானிய மொழியில் 'கா' என்றால் கூட்டுதல். 'அட்சு' என்றால் அழுத்தம்.

ஆனால் மாணவர் அறியாத மறுபாதியும் அவ்வரலாற்றிலேயே இருக்கிறது. தொடக்கக் காலச் சோதனைகளின்போது, நுரையீரலின் குருதிக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுத் தாம் துன்புற்றதையும் சாட்டோ பதிவு செய்துள்ளார். குருதி உறைந்து நுரையீரல் குழாயை அடைப்பது உயிரைப் பறிக்கவல்லது. வெற்றியை மட்டும் சொல்லி இடரை மறைப்பது வரலாறு ஆகாது.

சாட்டோ அமர்ந்த அமர்வைப் படித்தபோது நம் தொழுகையின் இருப்பு நிலை என் நினைவுக்கு வந்தது. நீண்ட இருப்பில் கால் மரத்துப்போவதை நாம் அனைவரும் உணர்ந்திருக்கிறோம். இதைக் கேட்டவுடன், 'பாருங்கள், தொழுகையே தலைசிறந்த உடற்பயிற்சி' என்று மேடையேறிச் சொல்லும் ஆர்வம் சிலருக்கு எழலாம். அன்புகூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம் என்று வேண்டுகிறேன். தொழுகை இறைவனுக்காக நிறைவேற்றப்படுவது. கெண்டைக்கால் தசைக்காக அன்று. வழிபாட்டுக்கு ஆய்வுக்கூடத்தின் நற்சான்று தேவையில்லை. அறிவியலுக்கும் நம் பரிந்துரை தேவையில்லை.

குருதி செல்லும் வழி

கட்டினால் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை அறியக் குருதியோட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இவ்வறிவின் வரலாற்றில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு மறக்கற்பாலதன்று. குர்துபா நகரை அடுத்து வாழ்ந்து 1013ஆம் ஆண்டில் மறைந்த அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீப்' நூலில், பெருகும் குருதியை நிறுத்தக் குழாயை நூலால் கட்டும் முறையை எழுதிவைத்தார். திமிஷ்க் பகுதியில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய இப்னுந் நபீஸ், குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்பதை 1242ஆம் ஆண்டளவில் எழுதினார். பல நூற்றாண்டுகள் உலகின் கண்ணில் படாதிருந்த அந்த உரைநூலின் கையெழுத்துப் படியை 1924ஆம் ஆண்டில் பெர்லின் நூலகத்தில் அடையாளம் கண்டவர் எகிப்திய மருத்துவர் ஒருவர்.

உடல் முழுவதும் குருதி சுழன்று வருவதை 1628ஆம் ஆண்டில் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவர் செய்து காட்டிய சோதனை எளியது. மேற்கையை மிக இறுகக் கட்டினார். மணிக்கட்டில் நாடி நின்றது, கை குளிர்ந்தது. கட்டைச் சற்றுத் தளர்த்தினார். நாடி மீண்டது; ஆனால் கை சிவந்து வீங்கியது, சிரைகள் புடைத்தன. காரணம் யாது? இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் தமனிகள் ஆழத்தில் இருப்பவை, தடித்த சுவர் உடையவை, உயர்ந்த அழுத்தத்தில் இயங்குபவை. குருதியை இதயத்துக்குத் திருப்பியனுப்பும் சிரைகளோ மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் உடையவை. நடுத்தரமான கட்டு சிரைகளை நெருக்கும். தமனிகளை முற்றும் அடைக்காது. வரும் வழி ஓரளவு திறந்தும், போகும் வழி அடைபட்டும் இருப்பதால் குருதி அங்கே தேங்குகிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் ஹார்வி கண்ட அந்த நடுத்தரக் கட்டுதான் சாட்டோவின் முறைக்கு அடிப்படை.

இவ்வாறு கட்டிய நிலையில் மெல்லிய பயிற்சி செய்தால் தசைக்கு உயிர்வளி குறைகிறது. லாக்டிக் அமிலம் போன்ற கழிவுகள் வெளியேற வழியின்றித் தங்குகின்றன. எளிய வேலைக்கு வழக்கமாக முன்வரும் மெதுவான தசைநார்கள் விரைவில் களைத்துவிடுகின்றன. பெரும்பளு தூக்கும்போது மட்டுமே விழித்தெழும் வேகத் தசைநார்களை உடல் துணைக்கு அழைக்கிறது. இலேசான எடையைத் தூக்கினாலும், பெரும்பளுவைத் தூக்குவதாகத் தசை உணர்கிறது.

ஆய்வுகள் கூறுவன

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. முழங்கால் அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் தொடையில் நாள்தோறும் இருமுறை அழுத்தப் பட்டையைச் சிறிது நேரம் இறுக்கியும் தளர்த்தியும் வந்தனர். இரு வார முடிவில், பட்டை இறுக்கப்படாதவர்களின் முழங்காலை நீட்டும் தசை ஏறத்தாழ 21 விழுக்காடு மெலிந்திருக்க, இறுக்கப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடே மெலிந்திருந்தது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இளைஞர்கள் தொடையில் பட்டை அணிந்து மெதுவாக நடந்ததாலேயே மூன்று வாரங்களில் அவர்களுடைய தொடைத் தசை பருத்தது. போரில் கை கால் சிதைந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக அமெரிக்க இராணுவ மருத்துவர்களும் இம்முறையைக் கையாண்டனர்.

இவையெல்லாம் பட்டையணிந்து தசையை வளர்ப்பது அல்லது மெலியாது காப்பது பற்றியவை. கடும் பயிற்சிக்குப் பின் களைப்பு நீங்கக் கட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே என் மாணவரிடம் நான் கண்ட முதற்பிழை. களைப்பு நீக்கும் முறைக்கு வித்திட்டது இதயத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. 1986ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், நாய்களின் இதயத் தமனி ஒன்றை ஐந்து நிமிடம் அடைத்து ஐந்து நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தபின், தொடர்ந்து 40 நிமிடம் அடைத்தனர். முன்பயிற்சி பெறாத இதயத்தோடு ஒப்பிட, பயிற்சி பெற்ற இதயத்தில் இறந்த தசை நான்கில் ஒரு பங்காகவே இருந்தது. சிறு தட்டுப்பாடுகளைச் சந்தித்த உறுப்பு, பெருந்தட்டுப்பாட்டைத் தாங்கும் திறன் பெறுகிறது என்பது அதன் சாரம்.

இதனைக் களைத்த தசைக்குப் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் பின்னர் எழுந்தன. இங்கே அழுத்தம் 220 மி.மீ. பாதரச அளவு. இளைஞர் ஒருவரின் இயல்பான உயர் குருதியழுத்தம் 120 அளவே ஆதலின், 220 என்பது தமனியையும் சேர்த்து அடைக்கும் முழுத்தடை. 2012ஆம் ஆண்டு ஆய்வில், கடும் பயிற்சிக்குப் பின் மும்மூன்று நிமிடமாக இருமுறை இவ்வாறு அடைத்துத் திறந்தவர்கள், ஒருநாள் கழித்துத் தாவுதலிலும் ஓட்டத்திலும் பிறரைவிட நன்றாக மீண்டிருந்தனர். 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் தசைவலி குறைந்ததாகக் கூறியது. ஆனால் 2016ஆம் ஆண்டில் எடைப் பயிற்சியாளர்களிடம் செய்த ஆய்வில், வெறுமனே ஓய்வெடுத்தவர்களைவிட இம்முறையால் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை. இவ்வாய்வுகளில் பங்குகொண்டோர் தொகையும் சிறிது. நம்பிக்கைக்கு இடமுண்டு, உறுதிக்கு இடமில்லை.

இதயத்தில் தோன்றிய அந்த அரிய கருத்தே மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது என்ன ஆயிற்று என்பதும் சிந்திக்கத்தக்கது. மாரடைப்புற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையில் பட்டையை இறுக்கித் தளர்த்தியதால் அவர்களுக்கு எந்த நன்மையும் விளையவில்லை. நாயிடம் மெய்யானது மனிதனிடமும் மெய்யாகும் என்று அவசரப்படலாகாது.

அளவே மருந்து

இடர்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஜப்பானில் பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில் இம்முறையைப் பயன்படுத்திய ஏறத்தாழ 12,600 பேரைப் பற்றிய கணக்கெடுப்பு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தோலடியில் குருதிக் கன்றல் 13 விழுக்காட்டினருக்கும், மரமரப்பு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மிகுந்தோருக்கும் ஏற்பட்டது. சிரையில் குருதி உறைந்தவர்கள் பதினாயிரத்தில் ஐந்தாறு பேர். நுரையீரல் அடைப்பும் தசைச் சிதைவும் மிக அரிதாகவே நேர்ந்தன. எண்கள் ஆறுதல் தருகின்றன. ஆயினும் அவை மேற்பார்வையில் விளைந்த எண்கள் என்பதை மறத்தலாகாது. வேப்பமரத்தடியில் மிதிவண்டி டியூபைச் சுற்றியவர்களை எவரும் கணக்கெடுக்கவில்லை.

மருத்துவர் பயன்படுத்தும் பட்டை அகலமானது; காற்றால் நிரப்பப்படுவது; அழுத்தத்தை அளக்கும் கருவியோடு இணைந்தது. ஒவ்வொருவருக்கும் தமனி முற்றும் அடைபடும் அழுத்தம் வேறுபடும். தொடையின் பருமனும் பட்டையின் அகலமும் அதை மாற்றும். பயிற்சியின்போது அந்த அளவில் 40 முதல் 80 விழுக்காடு வரையே இறுக்க வேண்டும் என்றும், தூக்கும் எடை ஒருவர் ஒருமுறை தூக்கவல்ல பேரெடையில் 20 முதல் 40 விழுக்காடாக இருக்க வேண்டும் என்றும் பன்னாட்டு வல்லுநர் குழு 2019ஆம் ஆண்டில் வரையறுத்தது. குறுகிய டியூபும் கயிறும் நரம்பை நசுக்குபவை. எவ்வளவு இறுக்குகின்றன என்பதைச் சொல்ல அவற்றுக்கு வாயில்லை. குருதி உறையும் நோய் கண்டவர்கள், உயர் குருதியழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், சிரை புடைத்தவர்கள், சர்க்கரை நோயால் கால் உணர்விழந்தவர்கள், கருவுற்ற தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனை நினைத்தும் பார்க்கலாகாது.

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினால், தசை பருப்பதில் இம்முறை பெரும்பளுப் பயிற்சிக்கு ஏறத்தாழ நிகராக நிற்கிறது; வலிமை பெருகுவதிலோ பெரும்பளுவே முந்துகிறது. எனவே இம்முறையால் மிகுந்த பயன் பெறத்தக்கவர், பளுவைத் தூக்க இயலாதவரே. அறுவை செய்த முழங்காலோடு படுத்திருப்பவர், மூட்டு தேய்ந்த முதியவர், படுக்கையில் கிடந்து தொடை மெலிந்தவர் ஆகியோருக்கே இது வரம். நலமான இளைஞருக்கு இது அலங்காரம். நம் ஊர்ப் பெரியவர்கள் முதுமையில் தசை மெலிவதை இயற்கையின் விதி என்று ஏற்று முடங்கிவிடுகிறார்கள். இயன்முறை மருத்துவரை அணுகி, 'எனக்கு ஏற்ற பயிற்சி எது?' என்று கேட்கும் வழக்கம் அவர்களிடையே வளர வேண்டும். இளைஞர் தேடி ஓடும் புதுமை, உண்மையில் அவர்களுடைய பாட்டனாருக்கு உரியது.

என் மாணவருக்கு இவற்றை ஒருநாள் மாலை அமர்ந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் களைப்புக்கு என்னதான் செய்வது ஐயா?" என்றார். உறக்கமும் உணவும் ஓய்வும் என்றேன். சிரித்தார். விடியலில் எழுந்து பால் வண்டியில் வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வருபவர் அவர் என்பதும், பயிற்சி முடிந்து வீடு சென்றால் பல நாள் இரவில் கஞ்சியே உணவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருக்குத் தட்டுப்பாடு புதிதன்று. குறுக்குவழி தேடியது சோம்பலால் அன்று. நேர்வழிக்கு வேண்டிய பாலும் முட்டையும் உறக்கமும் அவருக்குக் கிட்டாமையால். இதனை உடற்கல்வி இயக்குநரிடமும் சமுதாயப் பெரியவர் ஒருவரிடமும் எடுத்துரைத்தேன். விளையாட்டு வீரர்களான ஏழை மாணவர் சிலருக்கு மாலைச் சிற்றுண்டி இப்போது கிடைத்து வருகிறது. எந்தப் பட்டையும் தராத வலிமையை ஒரு கோப்பைச் சுண்டல் தரும் என்பதை அம்மைதானத்தில் காண்கிறேன்.

ரமளான் நோன்பு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. விடியலில் தொடங்கும் தடை அந்தியில் அவிழ்கிறது. நேரம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை தரப்பட்டிருக்கிறது. நோன்பு திறக்கும் வேளை வந்தபின் தாமதிப்பது விரும்பத்தக்கதன்று. தொடக்கமும் முடிவும் விலக்கும் உடையதே பயனுள்ள கட்டுப்பாடு. எல்லையற்ற தடை துன்பம் மட்டுமே. இது அறிவியலுக்குச் சான்றன்று, ஓர் ஒப்புமைதான். ஆனால் இல்லாமையால் நாள்தோறும் பட்டினி கிடப்பவனை நோன்பாளி என்று நாம் அழைப்பதில்லை. அவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே! உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை வலிமையாக்க விரும்புங்கள்; வழியை அறிந்தோரிடம் கேளுங்கள்; செவிவழிச் செய்தியை உடலில் சோதிக்காதீர்கள். பெரியோர்களே! ஓடும் பிள்ளைகளுக்குக் கைதட்டுவதோடு நில்லாமல், அவர்கள் உண்டார்களா என்றும் கேளுங்கள். கட்ட வேண்டிய இடத்தில் கட்டவும், அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவிழ்க்கவும் வேண்டிய அறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!